கையை விட்டதும் கைவிட்டதும்: சுகாதார அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மலேசியச் சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சின் மனநலப் பிரிவு அதிகாரிகளுக்கும், இந்நாட்டுக்கு ஆலோசகர்களையும் மருத்துவ உளவியலாளர்களையும் உருவாக்கித் தரும் பல்கலைக்கழகங்களுக்கும்,

வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. 13 வயதில் ஒரு டாக்டரிடம் நான் மொழிபெயர்த்துச் சொல்லாமல் விழுங்கிய ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல். மனநலச் சிகிச்சையில் நோயாளியின் தாய்மொழிக்கும் இடம் வேண்டும் என்று கேட்பதற்காக அதைச் சொல்கிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேர் மட்டும் போடாத" என்றார்.

1993-இல் அப்பா சாலை விபத்தில் இறந்தார். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், சாலையைக் கடக்கும்போது லோரி மோதிவிட்டது. அம்மாவும் ஐந்து வயதுத் தம்பியும் கூட இருந்தார்கள். நான் வீட்டில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கருமாதி முடிந்து சில வாரங்களில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ராத்திரியில் விளக்கை அணைக்க விடமாட்டார். வெளியே போனால் என் மணிக்கட்டை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த மலாய், கடையில் விலை கேட்கவும் பஸ்ஸில் இடம் சொல்லவும் போதும். எனக்கோ அப்போதுதான் தமிழ்ப்பள்ளி முடிந்து, இடைநிலைப்பள்ளிக்கு முந்தைய புகுமுக வகுப்பு. என்னிடம் இருந்த மலாய் பள்ளிப் புத்தக மலாய். டாக்டர் என்னைப் பார்த்து, அம்மாவுக்கு என்ன செய்கிறது என்று கேள் என்றார்.

அம்மா சொன்னார்: "நெஞ்சுக்குள்ள யாரோ ஏறி உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்கறாங்க."

நான் "சாக்கிட் டாடா" என்றேன். நெஞ்சு வலி. உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

"கண்ண மூடுனா டீசல் வாடை அடிக்குது" என்றார் அம்மா. தூக்கம் வரவில்லையாம் என்றேன். தூக்க மாத்திரை எழுதினார்கள்.

கடைசியில் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் அவரக் கைவிட்டுட்டேன்."

அம்மா என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் அதற்கு நெருங்கிய சொல் ஒன்றுதான்: லெப்பாஸ் தாங்ஙான். சிம்புலான் பஹாசா என்கிற மலாய் மரபுத்தொடர்ப் பாடத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்று பொருள். அதைச் சொன்னால் என் அம்மாவை இந்த டாக்டர் என்ன நினைப்பார்? அப்பாவைச் சாகவிட்டவர் என்று நினைக்கமாட்டாரா? "ஒன்றுமில்லை டாக்டர்" என்றேன். மிஸ்ஸி (தாதி) அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். வெளியே வந்தோம்.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அன்று முதல் அந்த வாக்கியம் அம்மாவிடமும் என்னிடமும் மட்டுமே இருந்தது, முப்பது வருடத்துக்கும் மேலாக. அம்மா தூக்க மாத்திரையோடும் வயிற்று மாத்திரையோடும் காலத்தை ஓட்டினார். நான் அவர் ஏதோ பெரிய தவறு செய்துவிட்டார் என்று நம்பிக்கொண்டு, அதைக் கேட்கவும் பயந்துகொண்டு வளர்ந்தேன்.

அம்மாவுக்கு இருந்தது போன்ற, மன அதிர்ச்சிக்குப் பிந்தைய நோய் (பி.டி.எஸ்.டி.) மருத்துவப் பட்டியலில் தனிப் பெயரோடு இடம்பெற்றது 1980-இல்தான். இலங்கைத் தமிழர்கள் இந்தக் காயத்தை மனவடு என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. அப்பா இறந்த நேரத்தில் அந்தச் சொல் எங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டார் காத்து கருப்பு என்றார்கள். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினோம். அதை நான் குறைவாக நினைக்கவில்லை. அந்த மாதம் முழுக்க கோயில் பெண்கள்தான் எங்கள் வீட்டில் சோறு ஆக்கினார்கள், ராத்திரி அம்மாவோடு படுத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லாரும் அன்போடு சொன்ன ஒரே அறிவுரை, "அதையே நெனச்சிக்கிட்டு இருக்காத, மறந்துடு" என்பதுதான். மருத்துவமனை என்றால், "அப்புறம் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்ற பயம். 1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயர் நம் பேச்சில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிப்போனது எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கும் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

மறப்பது ஏன் முடியாது என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் புரிந்தது. மற்ற நினைவுகளுக்குத் தேதி உண்டு. போன தீபாவளி, முந்தின வருடம், தம்பி பிறந்த அன்று என்று அவை வரிசையில் நிற்கும். உயிர் போகிற பயத்தில் பதிகிற நினைவு அப்படி வரிசையில் நிற்பதில்லை. வாடையாக, சத்தமாக, உடம்பு நடுக்கமாகத் துண்டு துண்டாகக் கிடக்கும். தூண்டிவிட ஏதாவது ஒன்று போதும், அது இப்போதே நடப்பதுபோல வந்து நிற்கும். அம்மாவுக்கு டீசல் வாடை "ஞாபகம்" வரவில்லை. மூக்கில் அடித்தது. இன்று ஆதாரமுள்ள சிகிச்சைகள் பலவும் வேறு வேறு வழியில் செய்வது ஒரே வேலையைத்தான். அந்தத் துண்டுகளைப் பாதுகாப்பான இடத்தில் வைத்து மெதுவாக எடுத்துப் பார்த்து, முன்னும் பின்னும் சேர்த்து, "இது அன்று நடந்தது, முடிந்தது" என்று தேதி போட்டு அடுக்குவது. உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் முறை), கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையையும் பரிந்துரைக்கிறது. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளை, அந்த அதிர்ச்சி அறிகுறிகளுக்காகக் கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. அதைப் படித்த அன்று என் வீட்டு மருந்து டப்பாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்த முறையானாலும் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டிய ஓர் இடம் பெரும்பாலும் வருகிறது. எந்த மொழியில் சொல்வது? பதில் யாருக்கும் தெரிந்ததுதான் என்று தோன்றலாம், ஆனால் நம் மருத்துவமனைப் பாரங்களில் (படிவங்களில்) அந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலமும் பேசுபவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. சின்ன வயதில் கேட்ட திட்டுச் சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது அவர்களின் தோல் காட்டிய பதற்றம், அதையே ஆங்கிலத்தில் கேட்டபோது அத்தனை இல்லை. உடம்புக்குத் தாய்மொழி தெரிகிறது. அம்மாவின் காயமும் தமிழில்தான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் பினாங்குத் தீவில் ஒரு தமிழ் ஆலோசகர் இருப்பதாகத் தோழி சொன்னாள். அமர்வுக்கு 150 ரிங்கிட். என்னால் கட்ட முடிந்தது. அம்மா மறுத்தார், பிறகு எனக்காக வந்தார். வாராவாரம் வியாழக்கிழமை வேலை முடிந்து பாலத்தைக் கடந்து கூட்டிப்போவேன். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே நடந்தது அம்மா திரும்பும் வழியில் காரில் சொன்னதுதான்.

முதல் சில வாரம் விபத்தைப் பற்றிப் பேச்சே இல்லையாம். கால் இரண்டையும் தரையில் ஊன்றச் சொல்லி, "இப்ப எங்கம்மா இருக்கீங்க? இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்பார்களாம். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார்கள். "இதுக்கா 150 வெள்ளி" என்றார் அம்மா. ஆனால் அந்தப் பழக்கம் இல்லாமல் பின்னால் வந்ததைத் தாங்கியிருக்க முடியாது என்று இப்போது அவரே சொல்கிறார்.

அடுத்த வாரம் ஒரு கயிறு. தரையில் நீளமாகப் போட்டு, இதுதான் உங்கள் வாழ்க்கை என்றார்களாம். சந்தோஷத்துக்குப் பூ, துன்பத்துக்குக் கல். அம்மா தோட்டத்துப் பால்மரக் காட்டில் தன் அம்மாவுக்குக் கூடமாட ஓடிய காலத்திலிருந்து வைக்கத் தொடங்கினார். கல்யாணத்துக்குப் பூ. நான் பிறந்ததற்குப் பூ. அப்பா முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கைக்கடிகாரத்துக்கு ஒரு பூ. "கல்லுதான் நெறையா இருக்கும்னு நெனச்சேன், பூவுதான் அதிகம்" என்று பாலத்தின் நடுவில் வரும்போது சொன்னார். அன்று அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

அதற்கடுத்த வாரங்களில் அந்தப் பெரிய கல்லுக்கு வந்தார்கள். அன்று மாலை என்ன சேலை, எந்தக் கையில் பை, எந்தக் கையில் அப்பாவின் கை, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக. அம்மா அழுதார், நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், திரும்பத் தொடங்கினார். பிறகு அதே வாக்கியம் வந்தது. "நான் அவரக் கைவிட்டுட்டேன்."

அந்த ஆலோசகர் கேட்டாராம்: "அம்மா, அவரைக் கைவிட்டீங்களா, அவர் கையை விட்டீங்களா?"

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது: "கையத்தான் விட்டேன். சின்னவன் ஓடுனான். அவனப் புடிக்கத்தான் விட்டேன்."

கையை விடுவது, கைவிடுவது. இடையில் இருப்பது ஒரே ஓர் 'ஐ'. முப்பது வருடமாக அம்மா அந்த 'ஐ'யைச் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு அவரே சொன்னார். சொன்னால், அன்று ஓடியது தம்பி என்பதும் வெளியே வருமே. குழந்தை தலையில் அது விழக்கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாளர் கூட இருந்தாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அந்த வித்தியாசம் கேட்டிருக்குமா? தமிழ்க் காது இருந்ததால் கேட்டது. சிகிச்சை தெரிந்ததால் அதைச் சரியான நேரத்தில் கேள்வியாகக் கேட்க முடிந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு நாட்டின் மருத்துவம் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா பூரணமாகக் குணமாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். லோரி பிரேக் சத்தம் கேட்டால் இன்றும் உடம்பு தூக்கிப்போடும். ஆனால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்.

அம்மாவுக்குப் பயன்பட்ட அந்தக் கயிறு, பூ, கல் முறைக்கு விவரிப்பு வெளிப்பாட்டுச் சிகிச்சை என்று பெயர். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள், போரும் அகதி வாழ்க்கையும் கண்டவர்களுக்காக உருவாக்கியது. அது தமிழுக்கு வந்த வழியை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் வந்த அதே ஆழிப்பேரலை இங்கே பினாங்கில் 52 பேரைக் கொண்டுபோனது, இலங்கையில் கடலோர ஊர்களையே அழித்தது. அங்கே வடகிழக்கில் ஒரு முகாமில், போரையும் அலையையும் இரண்டையும் கண்ட 31 தமிழ்ப் பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். பாதிப் பேருக்கு இந்த விவரிப்பு முறை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். எந்த முறை உயர்ந்தது என்பதைவிட என்னை உலுக்கியது வேறு. அமர்வுகளை நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த பெரிய நிபுணர்கள் இல்லை. அந்த ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துத் தமிழில் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களையும் கிராம ஊழியர்களையும் பழக்கிப் பல வருடம் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேட்டுப் பெற்றால் போதும்.

அமைச்சு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மெந்தாரி என்கிற சமூக மனநல மையங்கள் வந்திருக்கின்றன. 2022-இல் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண் வந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309-ஆவது சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. அதற்காக மனமார நன்றி. ஆனால் கதவைத் திறந்து உள்ளே வந்தவர் எந்த மொழியில் அழப்போகிறார்?

முதலில் கேட்பது, பிள்ளைகளை விட்டுவிடுங்கள். மனநலப் பிரிவிலும், அடி உதையும் வன்கொடுமையும் பட்டு வருபவர்களுக்கான அவசரப் பிரிவு மையங்களிலும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட யாரையும் மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று எழுத்தில் ஒரு விதி வேண்டும். அம்மாவை அடித்தது அப்பா என்றால், அதை மகன் வாயால் சொல்ல வைப்பதா? சொல்லாமல் விட்டது என் வாழ்க்கையில் என்ன செய்தது என்று மேலே எழுதிவிட்டேன். சொல்லியிருந்தாலும் அது வேறு ஒரு காயமாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம், மொழிபெயர்ப்பாளர்கள். நம் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சம்பளத்தோடு, பதவியோடு இருக்கிறார்கள். அங்கே ஒரு சொல் மாறினால் நியாயம் மாறிவிடும் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவமனையிலும் ஒரு சொல் மாறினால் சிகிச்சை மாறிவிடும், அங்கேயும் அப்படி மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். நம் மருத்துவமனைகளில் தமிழ் பேசும் டாக்டர்களும் மிஸ்ஸிகளும் இல்லாமல் இல்லை, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மிஸ்ஸியை வார்டிலிருந்து கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசச் சொல்வது மொழிபெயர்ப்பு ஆகாது. "மனசு கனக்குது", "நெஞ்சு அடைக்குது", "பெருமூச்சா வருது" என்று நம் மக்கள் சொல்வதெல்லாம் எப்போது இதய நோய், எப்போது துக்கம் என்று தெரிந்தவராக மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் சமூகம் சின்னது. பட்டர்வொர்த்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் வந்தால், அவர் பெரியம்மா எங்கள் கோயிலுக்கு வருபவராக இருக்கலாம். அம்மா முதலில் மறுத்ததற்குக் காரணமே அதுதான். "நாளைக்குப் பூசையில நம்ம கதைதான் ஓடும்." அதனால் தொலைபேசியிலோ காணொளியிலோ வேறு மாநிலத்திலிருந்து பேசுகிற ஏற்பாடு வேண்டும். ஜொகூரில் இருப்பவருக்குப் பட்டர்வொர்த்தில் யார் சொந்தம் என்று தெரியாது. ரகசியம் காப்பேன் என்ற உறுதிமொழியை மொழிபெயர்ப்பாளரும் கையெழுத்திட்டு, அதை நோயாளியின் முன்னால் தமிழிலேயே வாசித்துக் காட்ட வேண்டும்.

எல்லாத் தமிழருக்கும் தமிழில்தான் சிகிச்சை என்றும் நான் கேட்கவில்லை. தம்பியிடம் அம்மாவே எல்லாவற்றையும் சொன்னார். அவனுக்கு அது எளிதாக இல்லை. இப்போது கோலாலம்பூரில் அவனும் சிகிச்சைக்குப் போகிறான், ஆங்கிலத்தில். "தமிழ்ல பேசுனா அஞ்சு வயசாயிடுறேன் அக்கா" என்றான். சிலருக்கு இன்னொரு மொழி தருகிற தூரம்தான் தாங்கும் தெம்பைத் தருகிறது. நோயாளி எந்த மொழியில் பேச விரும்புகிறார் என்று முதல் நாளே கேளுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் அதற்கு ஒரு கட்டம் போடுங்கள். 1998 ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவர்களும், மருத்துவ உளவியலாளர்களும் எந்த மொழியில் அமர்வு நடத்த வல்லவர்கள் என்பது பொதுமக்கள் பார்க்கும்படி இருக்கட்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் படிக்கும் தமிழ் மாணவர்கள் பாடத்தை ஆங்கிலத்திலும் மலாயிலும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவது வேறு, தமிழில் ஒருவரின் இருட்டுக்குள் கூட நடப்பது வேறு. அவர்களின் பயிற்சி அமர்வுகளில் சிலவற்றைத் தமிழிலேயே நடத்தவும், அனுபவமுள்ள தமிழ்ச் சிகிச்சையாளர் மேற்பார்வையிடவும் வழி செய்யுங்கள். ஆட்கள் இங்கே போதவில்லை என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் கேளுங்கள்.

நம் காயங்கள் ஒன்று இரண்டல்ல. என் தாத்தா, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போகப்பட்டு உயிரோடு திரும்பியவர். 415 கிலோமீட்டர் பாதையில் தோட்டத்துத் தமிழர் எத்தனை ஆயிரம் பேர் புதைந்தார்கள். அவர் சாகும்வரை அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. மழை பெய்தால் மட்டும் எழுந்து வெளியே போய் நிற்பார். 1988 ஜூலை 31-இல் எங்கள் ஊர் ஃபெரி முனையம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள், 1,600-க்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அன்று அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் இன்றும் இங்கேதான் கடைத்தெருவில் நடக்கிறார்கள்.

இந்த நாட்டில் தமிழ் முதன்முதலில் பள்ளியில் கற்பிக்கப்பட்டது பினாங்கில்தான், 1816-இல். இன்று இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சோதனையாக ஓர் ஆண்டு இங்கேயே தொடங்குங்கள். தீவில் ஒரு மருத்துவமனை, பெருநிலத்தில் ஒரு மருத்துவமனை போதும். பாரத்தில் மொழிக் கட்டம், தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர், பயிற்சி பெற்ற இரண்டு மூன்று தமிழ்ச் சிகிச்சையாளர்கள். என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

அடுத்த மாதம் அம்மாவுக்குச் சர்க்கரை அப்பாயின்மென்ட் இருக்கிறது. கார்டில் பெயர், அடையாளக் கார்டு எண், தேதி, நேரம் எல்லாம் இருக்கின்றன. கீழே ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அதில் பேனாவால் "தமிழ்" என்று எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகள்